பிரேக் அக்கா கற்றுத்தந்த ஒரு தவறு

எங்கள் பகுதியில் அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. பிரேக் அக்கா என்று கேட்டால் ரொட்டிக் கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து வீட்டைக் காட்டுவார். பதினோரு ஆண்டுகளாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர். பயிற்சிக் காரில் கற்பவருக்கு ஒரு பிரேக் உண்டு, பக்கத்து இருக்கையில் இருக்கும் ஆசிரியருக்கு இன்னொரு பிரேக் உண்டு. அந்த இரண்டாவது பிரேக்கின் மேலேயே குடியிருந்த கால் வேறெங்கும் சும்மா இருப்பதில்லை. பேருந்து வேகமெடுத்தால் பின்சீட்டிலிருந்து தரையை அமுக்குவார். பல் மருத்துவர் ஊசியோடு கிட்டே வந்தபோதும் அமுக்கினாராம். வீட்டில் மாமியார் ஏதாவது சொல்ல வாயெடுத்தாலே மருமகளின் கால் தரையில் அழுந்தும். "பாருங்க, பிரேக் போடுறா," என்று மாமியார் வந்தவர்களிடம் காட்டுவார். அந்தப் பிரேக் மட்டும் ஒரு நாளும் பிடித்ததில்லை.

அந்த இருக்கை அவருக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. முதல் நான்கு ஆண்டுகள் அதே பள்ளியில் விண்ணப்பம் நிரப்பும் மேசையில் உட்கார்ந்திருந்தார். ஓட்டத் தெரியும், உரிமம் உண்டு, பொறுமையோ அங்கிருந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும் அளவுக்கு உண்டு. ஆனாலும் பெண்ணிடம் ஆண் எப்படிக் கற்பான் என்பது முதலாளியின் கேள்வி. பெண்கள் கற்க வரத் தொடங்கினார்கள். கூடவே வந்த கணவன்மார் "லேடி டீச்சர் இருக்காங்களா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகுதான் முதலாளிக்குச் சமத்துவத்தில் நம்பிக்கை வந்தது. நியாயம் கேட்டு வராத நம்பிக்கை, வாடிக்கையாளர் கேட்டால் ஒரே வாரத்தில் வந்துவிடுகிறது. பயிற்றுநர் அனுமதிக்கான தேர்வுக்குப் போனபோது, "யார் கூட வந்திருக்கீங்க?" என்று அங்கிருந்த அதிகாரி கேட்டிருக்கிறார். "கார் கூட," என்றார் இவர். அந்த முறை தேறவில்லை. மூன்றாவது முறை, வேறொரு அதிகாரி இருந்த நாளில் தேறினார். ஆண்டுதோறும் அந்த அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். புகார் ஒன்று வந்தால் நிறுத்திவைப்பார்கள். அது இல்லாவிட்டால் மறுபடி விண்ணப்பம் நிரப்பும் மேசைதான்.

சொல்லிக்கொடுப்பதில் அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. தொடக்க காலத்தில் ஒரு மாணவி, வண்டி கியரில் இருக்க, இன்ஜின் ஓட, கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். கார் தன்பாட்டுக்குப் போய்க் காய்கறிக் கடைப் படியில் ஏறி நின்றது. யாருக்கும் அடியில்லை, ஒரு கூடை தக்காளி மட்டும் நசுங்கியது. அன்றிலிருந்து வண்டி நின்றதும் செய்ய வேண்டியவை ஐந்து என்று வகுத்தார். பிரேக், ஹேண்ட்பிரேக், நியூட்ரல், இன்ஜினை அணைப்பது, கடைசியாகச் சாவி. பக்கத்து இருக்கையிலிருந்து உள்ளங்கையை நீட்டுவார். சாவி அதில் விழ வேண்டும். விழாமல் கதவையோ, கண்ணாடியையோ, சீட் பெல்ட்டையோ தொட்டால் கையில் ஒரு தட்டு. தேர்வு நாளில் அவருடைய மாணவர்கள் அதிகாரியின் மடியிலேயே சாவியைப் போட்டுவிட்டு அடுத்த உத்தரவுக்குக் காத்திருப்பார்கள். பிரேக் அக்காவின் ஆட்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அந்தச் சட்டத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் பின்பற்றிய ஒரே மாணவர் அவருடைய மாமியார்.

மாமியாருக்கு அறுபத்தொரு வயது. முப்பத்து மூன்று ஆண்டுகள் தபால் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் கடிதம் எந்த அறையில் விழ வேண்டுமோ அந்த அறையில்தான் விழ வேண்டும் என்பதில் வாழ்நாளைக் கழித்தவருக்கு விதி என்றால் விதிதான். விதி என்று நான் சொல்வது அலுவலக விதியை. தலைவிதியில் அவருக்கு எந்தக் காலத்திலும் நம்பிக்கை கிடையாது. முகவரி தப்பாக எழுதிவிட்டு விதியைக் குறை சொல்லும் ஆட்களை நிறையப் பார்த்தவர். மகன் ரொட்டி ஆலையில் இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவர். கண் மருத்துவரிடம் போக வேண்டுமென்றால் மகன் எழும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்து காத்திருந்து ஒரு நாள், "ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுக்கிறே, எனக்குச் சொல்லிக்குடுக்க மாட்டியா?" என்று மருமகளைக் கேட்டுவிட்டார். கண் மருத்துவர் சோதித்துப் பார்த்து, ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது வீட்டுக்குள் செல்லுபடியாகும் சட்டம். காருக்குள் அது தலைகீழானது. மருமகள் கையில் தட்டுவதும், மாமியார் "சரிங்க டீச்சர்" என்று வேண்டுமென்றே குழைவதும் தெருவுக்கே வேடிக்கை. காலையில் காரில் வாங்கிய தட்டுகளுக்கு மாலையில் சமையலறையில் பழிவாங்கல் நடக்கும். நறுக்கிய வெங்காயம் சின்னதாக இல்லை என்று ஒரு குறை, துடைத்த மேசையில் ஈரம் என்று ஒரு குறை. இருவருக்கும் அந்த விளையாட்டு பிடித்திருந்தது.

எங்கள் ஊரில் ஆற்றை ஒட்டி, கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சாலை இருக்கிறது. பாலம் வருவதற்கு முன்னால் கார்களைப் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். சாலையின் முடிவில் தண்ணீருக்குள் இறங்கும் சிமென்ட் சரிவு அந்தக் காலத்தது. பாலம் வந்ததும் படகு நின்றது, சரிவு மட்டும் அப்படியே கிடந்தது. அதன் குறுக்கே இருந்த இரும்புச் சங்கிலி துருப்பிடித்து அறுந்து, பிறகு காணாமலே போய் ஏழு மாதமாகியிருந்தது. எச்சரிக்கைப் பலகையும் இல்லை. பிரேக் அக்கா இரண்டு முறை சாலைத் துறைக்குக் கடிதம் எழுதினார். பரிசீலனையில் உள்ளது என்று ஒரு பதில் வந்தது. ஏழு மாதம் பரிசீலிக்கும் அளவுக்கு ஒரு சங்கிலியில் என்ன தத்துவம் இருக்கிறதோ தெரியவில்லை.

வேறு காலிச் சாலை இல்லாததால் முதலாளி எல்லோரையும் அங்கேதான் அனுப்புவார். சரிவுக்கு வெகு முன்பே, மூன்றாவது கிடங்கின் எதிரில் வண்டியைத் திருப்பிவிடுவது பிரேக் அக்காவின் வழக்கம். அன்று காலை பத்தரை மணிக்கு, லேசான தூறலில், அந்த இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு லாரி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. பின்னாலும் ஒரு லாரி வந்துவிட்டது. முன்னே போய்த்தான் திருப்ப வேண்டும். போனார்கள். மாமியார் நன்றாகவே ஓட்டினார். சாலையின் முடிவில் வண்டியைக் குறுக்கே திருப்பி, ரிவர்ஸ் கியர் போட்டு, ஆள் நடப்பதைவிட மெதுவாகப் பின்னுக்கு வந்தார். பின்சக்கரங்கள் சரிவின் விளிம்பைத் தொட்டபோது பிரேக் அக்கா நிறுத்தச் சொன்னார். மாமியார் நிறுத்தினார். இருவர் காலும் இரண்டு பிரேக்கிலும் இருந்தன. சக்கரம் நான்கும் சுழலாமல்தான் நின்றன. சிமென்டிலிருந்து சாலையின் கடைசிவரை ஏறிப் படர்ந்து, தூறலில் நனைந்திருந்த பாசிக்கு மட்டும் அது தெரியவில்லை. ஹேண்ட்பிரேக்கையும் இழுத்தார்கள். கார் அப்படியே, அசைவில்லாத சக்கரங்களோடு, சறுக்குமரத்தில் உட்கார்ந்த குழந்தையைப் போலப் பின்னோக்கி வழுக்கி ஆற்றில் இறங்கியது.

இறங்கிய கார் உடனே மூழ்குவதில்லை. முதலில் மிதக்கிறது. நீரோட்டம் அதைக் கரையிலிருந்து பத்து முழம் தள்ளிவிட்டது. வைப்பர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடிகளை இறக்கும் பொத்தான்கள் வேலை செய்யும் நிலையில் இருந்தன. அப்போதே இறக்கியிருந்தால் இருவரும் சேலை மட்டும் நனைந்து வெளியே வந்திருப்பார்கள்.

வண்டி நின்றுவிட்டது என்று மாமியாருக்குப் பட்டது. அவர் கத்தவில்லை, பதறவில்லை. நியூட்ரல் போட்டார். இன்ஜினை அணைத்தார். சாவியை உருவினார். மருமகளின் பக்கம் திரும்பி அவருடைய உள்ளங்கையில் சாவியை வைத்தார். வைத்துவிட்டு அடுத்த உத்தரவுக்குக் காத்திருந்தார்.

தன் வாழ்நாளில் அதைவிடப் பயங்கரமான ஒரு பொருளைக் கையில் வாங்கியதில்லை என்று பிரேக் அக்கா பின்னால் சொன்னார்.

அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கதவைத் தள்ளிப் பயனில்லை, வெளியே தண்ணீர் அழுத்துகிறது. கண்ணாடி இறங்க வேண்டும். கண்ணாடி இறங்க மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குச் சாவி அதன் துளையில் இருக்க வேண்டும். மாமியாரின் மடியைத் தாண்டிக் குனிந்து சாவியைத் துளையில் செருகுவதற்குள் கை மூன்று முறை தவறியது. இன்ஜினின் கனத்தில் காரின் மூக்கு தாழத் தொடங்கியது. கால்மிதியின் கீழிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறியது. சாவி திரும்பியது. பொத்தானை அழுத்தினார். கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கி நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினார். எங்கோ ஒரு சின்னச் சத்தம், அத்தோடு சரி. அந்த ஒரு விரல் இடைவெளி வழியாக ஆறு உள்ளே வர ஆரம்பித்தது.

"பெல்ட்டைக் கழட்டுங்க அத்தை. பின்னாடி ஏறுங்க."

"முட்டி மடங்காதும்மா."

"இன்னைக்கு மடங்கும்."

பள்ளியின் கார்களிலேயே பழையதும் மலிவானதும் அதுதான். முன்கண்ணாடிகளுக்கு மட்டும் மின்சாரம். பின்கண்ணாடிகளைக் கைப்பிடியைச் சுற்றித்தான் இறக்க வேண்டும். புதுக் கார் வாங்கித்தரச் சொல்லி முதலாளியோடு இரண்டு ஆண்டுகளாகச் சண்டை போட்டுவந்தவர் பிரேக் அக்காதான். அன்று அந்தச் சண்டையில் தோற்றிருந்தது நல்லதாகப் போயிற்று.

இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே உள்ள சந்து அகலமானதல்ல. மாமியார் மெலிந்தவரும் அல்ல. இடுப்பில் கை கொடுத்து, தோளால் முட்டி, கிடங்கில் மூட்டை தள்ளுவதைப் போலத் தள்ளிப் பின்சீட்டில் போட்டார் மருமகள். "மெதுவாடி, நான் உன் மாமியார்," என்று அந்த நேரத்திலும் ஒரு சத்தம் வந்தது. முன்பக்கம் தாழ்ந்திருந்ததால் பின்சீட்டில் இன்னும் காற்று இருந்தது. பிரேக் அக்கா தானும் ஏறி, கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். இரண்டு சுற்றுக்குக் கண்ணாடி வந்தது. மூன்றாவது சுற்றில் தண்ணீர் விளிம்பைத் தாண்டி மடியில் கொட்டியது. சுற்றினார். முக்கால் பாகம் இறங்கியதும் கண்ணாடி அதற்கு மேல் வரவில்லை. அந்தக் காரின் பின்கண்ணாடி அவ்வளவுதான் இறங்கும்.

மாமியாருக்கு நீந்தத் தெரியாது. முதலில் நீ போ என்றார். உதவி கூட்டி வா என்பது அதற்கு அவர் வைத்திருந்த காரணம். உள்காரணம் இருவருக்கும் தெரியும். பிரேக் அக்கா வாதம் செய்யவில்லை. கொட்டும் தண்ணீருக்கு எதிராக மாமியாரின் தலையைச் சன்னலுக்கு வெளியே கொடுத்து, ஒரு கையால் மேல்விளிம்பைப் பிடிக்கச் சொல்லி, பின்னாலிருந்து தள்ளினார். இடுப்பு வரை போய் மாட்டியது. மறுபடி தள்ளினார். சேலை கிழிந்தது, மாமியார் போனார். உள்ளே தண்ணீர் கூரையைத் தொட்டபோது பிரேக் அக்கா கடைசி மூச்சை இழுத்துக்கொண்டு அதே வழியில் வந்தார். வெளியே மாமியார் கூரை விளிம்பை இரண்டு கையாலும் பற்றி, கண்ணை இறுக மூடி, தொங்கிக்கொண்டிருந்தார். காரோ அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. விடுங்கள் என்று மருமகள் சொல்ல, அந்த உத்தரவுக்கும் அவர் உடனே கீழ்ப்படிந்தார். ரவிக்கையின் பின்கழுத்தைப் பிடித்து, ஒரு கையாலும் இரண்டு காலாலும் தண்ணீரை உதைத்து அந்தப் பத்து முழத்தைக் கடந்தார் பிரேக் அக்கா. மூட்டை இறக்கிய தொழிலாளிகள் ஓடிவந்து, இடுப்பளவு தண்ணீரில் கைகோத்து நின்று இருவரையும் மேலே இழுத்தார்கள். சறுக்கி விழுந்து அவர்களில் ஒருவருக்குப் பல் போயிற்று.

அன்று மாலையே உறவினர் கூடிவிட்டார்கள். ஏதோ புண்ணியம், ஏதோ நல்ல நேரம் என்றார்கள். குடித்த தண்ணீரில் தொண்டை கட்டியிருந்த மாமியார், புண்ணியத்துக்கு யாராவது கைப்பிடி வைத்தார்களா என்று கேட்டார். கைப்பிடியைச் சுற்றியவள் அதோ உட்கார்ந்திருக்கிறாள், நன்றி சொல்வதாயிருந்தால் அவளிடம் சொல்லுங்கள் என்றார். அவ்வளவு பேர் முன்னால் மருமகளைப் புகழ்ந்துவிட்டோமே என்று உடனே கூச்சம் வந்து, தேநீரில் சர்க்கரை போதவில்லை என்று ஒரு குறையும் சொல்லிவைத்தார்.

மூன்றாம் நாள் முதலாளி வந்தார். கையில் தட்டச்சு செய்த ஒரு தாள். விசாரணை வரப்போகிறது, பயிற்றுநர் அனுமதி அதில்தான் இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன், பயப்படாதே, இதில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். வயது முதிர்ந்த கற்பவர் பதற்றமடைந்து, பிரேக்குக்குப் பதிலாக வேறு மிதியை அழுத்தி, ஆசிரியரின் சொல்லை மீறி நடந்துகொண்டார் என்று தாளில் இருந்தது. சங்கிலியைப் பற்றி ஒரு சொல் இல்லை. பாசியைப் பற்றியும் இல்லை. சாலைத் துறைக்கு வசதி, பள்ளிக்கு வசதி, பிரேக் அக்காவுக்கும் வசதி. எல்லோருடைய வசதிக்கும் ஒரு கிழவியின் மேல் பழியைப் போட்டால் தீர்ந்தது. இப்படி எத்தனை விசாரணைகள் முடிந்திருக்கின்றன என்று யாராவது தேடிப் பார்க்கலாம். சாலை தவறு செய்ததாக எழுதிய தாள் கிடைப்பது அரிது.

முதலாளி போனதும் மாமியார் பேனாவை எடுத்து மருமகளின் முன்னால் வைத்தார்.

"போட்டுடு. எனக்கென்ன, நாளைக்கே பஸ் ஓட்டப் போறேனா? கிழவி பதறிட்டான்னு எழுதினா எனக்கு என்ன குறைஞ்சுடும்? உன் வேலை நிக்கும்."

"நீங்க பதறலை அத்தை."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போதாதா?"

"போதாது. நான் சொல்லிக்குடுத்ததை அப்படியே செஞ்சீங்க. அதனாலதான் செத்திருப்போம். சாவியை எடுன்னு எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன்? இந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டா அவங்க எல்லாருக்கும் அது சரின்னே ஆயிடும்."

மாமியார் பேனாவை எடுத்து மூடியைப் போட்டு மூடினார். "வேலை போச்சுன்னா வெங்காயத்தையாவது ஒழுங்கா நறுக்கக் கத்துக்கோ," என்றார்.

விசாரணை அறையில் ஒரு நீள மேசை, அதன் பின்னால் ஒரு அதிகாரி, பக்கத்தில் சாலைத் துறையிலிருந்து வந்த ஒருவர். இந்த வயதில் இவரை ஏன் கற்க விட்டீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. கற்க வயது வரம்பு எந்த விதியில் இருக்கிறது, எண்ணைச் சொன்னால் நான் படித்துக்கொள்கிறேன் என்று மாமியார் பணிவாகக் கேட்டார். அதிகாரி தாள்களைப் புரட்டினார். வரம்பு எதுவும் இல்லை. பிறகு பிரேக் அக்கா, சாலைத் துறைக்கு எழுதிய இரண்டு கடிதங்களின் நகலையும் வந்த பதிலையும் மேசையில் வைத்தார். சாலைத் துறைக்காரர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். ஆபத்தான இடம் என்று தெரிந்தும் ஏன் அங்கே போனீர்கள் என்று அதிகாரி அடுத்த கேள்வியைக் கேட்டார். பெரிய தவறு, போயிருக்கக் கூடாது, லாரி நகரும்வரை நின்றிருக்க வேண்டும் என்றார் பிரேக் அக்கா. அதோடு நிற்கவும் இல்லை. கார் தண்ணீரில் விழுந்த பிறகு நடந்ததற்கும் நானே பொறுப்பு, இவர் நான் சொல்லிக்கொடுத்த முறைப்படி நடந்தார், முறைதான் தவறு என்று சொல்லி, அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "இதை நாங்க கேக்கவே இல்லையேம்மா. எழுதினா உங்களுக்குத்தான் நஷ்டம்."

"எழுதுங்க சார். எழுதாம விட்டா வேற யாருக்காவது நஷ்டம்."

அனுமதியை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். அதன் பிறகு தருவதா இல்லையா என்பதை அப்போது முடிவு செய்வார்களாம். ஆனால் கடிதங்கள் பதிவேட்டில் ஏறிவிட்டதால் சாலைத் துறைக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. ஏழு மாதம் பரிசீலனையில் இருந்த இடத்தில் ஒன்பதே நாளில் ஆறு சிமென்ட் கட்டைகள் வந்து உட்கார்ந்தன. முதலாளி அவரை விண்ணப்ப மேசைக்கு அனுப்பினார். பழைய மாணவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் அந்த மேசையின் இழுப்பறையில்தான் இருந்தன. பள்ளியின் பெயர் கெட்டுவிடும், யாரையும் கூப்பிடாதே என்று முதலாளி சொன்னார். பிரேக் அக்காவின் கால் தரையை ஒரு முறை அமுக்கியது. கை மட்டும் எண்களை எழுதிக்கொண்டது.

அறுநூற்று இருபத்திரண்டு பேர். வேலை முடிந்த பிறகு நாளுக்குப் பத்துப் பேராகக் கூப்பிட்டார். சிலர் சிரித்தார்கள், நாங்கள் எங்கே ஆற்றுக்குப் போகப்போகிறோம் என்று. மழையில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும் சுரங்கப்பாதை வழியாகத்தான் தினமும் போகிறீர்கள் என்று அவர்களுக்கு நினைவூட்டினார். அவரிடம் கற்றவன் என்பதால் எனக்கும் ஒரு மாலை அழைப்பு வந்தது. கார் தண்ணீருக்குள் போனால் முதலில் பெல்ட், உடனே கண்ணாடி, பிறகு வெளியே. சாவியைத் தொடாதே, போனைத் தேடாதே, கதவோடு மல்லுக்கட்டாதே. திரும்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். தப்பாகச் சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார்.

எண் மாறிப்போனவர்கள் பத்தொன்பது பேர். அவர்களுடைய வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்தில் போய்வருகிறார். போன வாரம் போனது ஐந்தாவது வீடு. கதவைத் திறந்த பெண் வாசலில் பழைய ஆசிரியரைக் கண்டதும், தன் உரிமத்தில் ஏதோ சிக்கல் என்றே நினைத்துக்கொண்டார்.

"உன் லைசென்ஸ் பத்திரமா இருக்கு. என்னோடதைத்தான் வாங்கி வச்சிருக்காங்க," என்றார் பிரேக் அக்கா. "உன் கார் எங்கே? வா, ரெண்டு நிமிஷம் உட்காரலாம்."